ஆர்மோனியத்தைத் தானாக வாசிக்க வைக்க: சொலினாய்டா, சர்வோவா?

ஆர்மோனியக் கட்டையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு) ஒரே மாதிரிதான் பேசும். ஒலியின் ஏற்ற இறக்கம் துருத்தியின் கையில் இருக்கிறது. ஆகவே கட்டையை அழுத்தும் கருவி சத்தமில்லாமல் அழுத்தி, நெடுநேரம் பிடித்திருந்தால் போதும். பியானோவுக்கான வரைபடங்களை அப்படியே எடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சொலினாய்டு என்பது மின்சாரம் பாய்ந்ததும் நடுத்தண்டை இழுக்கும் கம்பிச்சுருள். வேகத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால் 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுக்கும் சுருள், பிடித்திருக்கும் வரை 12 வாட்டையும் வெப்பமாக்கும். ஆதார ஸட்ஜத்தை ஆலாபனை முழுக்கப் பிடித்தால் கைவைக்க முடியாது. முதல் 50 மில்லிவிநாடி முழு மின்சாரம், பிறகு மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாகக் கொடுத்து, துடிப்பகலத்தை 30 சதவீதத்துக்கு இறக்கினால் தப்பிக்கலாம். துடிப்பின் அதிர்வெண் 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் சுருளே ரீங்கரிக்கும். ‘டக்’ ஒலியை அடக்க ஃபெல்ட் ஒட்டினால் தண்டு முழுக்க உட்காராது, பிடிவிசை சரியும். துடிப்பகலத்தை 40 சதவீதம் வரை ஏற்ற வேண்டியிருக்கும். சுருளை அணைக்கும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலை விழுங்க, ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே ஷாட்கி டயோடு கட்டாயம்.

சர்வோ என்பது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார். எஸ்ஜி90 என்ற சிறிய வகை 60 பாகை திரும்ப 0.1 விநாடி எடுக்கும். கட்டை 8 மி.மீ. இறங்குகிறது, சர்வோவின் அச்சில் மாட்டிய கை, அதாவது கொம்பு, 12 மி.மீ. என்றால், படுக்கைநிலையிலிருந்து 42 பாகை, அதாவது 0.07 விநாடி. ஆனால் அழுத்திய நிலையில் கட்டையின் ஸ்பிரிங் கொம்பைத் திருப்பப் பார்க்க, சர்வோ ஓயாமல் உறுமும். அழுத்தி முடிக்கும்போது கொம்பு செங்குத்தாக நிற்கும்படி பொருத்தினால் எடை அச்சில் இறங்கும், உறுமல் அடங்கும். அதற்குக் கொடுக்கும் விலை: திரும்ப வேண்டியது 70 பாகை, ஆகும் நேரம் 0.12 விநாடி. போய்வரவே கால் விநாடி ஆவதால் துரித பிருகாக்களை இதில் எதிர்பார்க்கக் கூடாது. 42 கட்டைக்கு 16 வழி இயக்கிப் பலகை மூன்று. 5 வோல்ட் மின்சாரத்தைத் தனியாகக் கொடுங்கள். இல்லையேல் பல சர்வோக்கள் சேர்ந்து கிளம்பும்போது கட்டுப்பாட்டுப் பலகை மறுதொடக்கமாகிவிடும்.

கட்டைகளை இயக்கத் துளையிட்ட காகிதச் சுருள் என்ற பழைய வழியும் உண்டு. 1880-களின் அமெரிக்கக் கைச்சுழல் ஆர்கனெட்டுகள் (சிறு ரீட் பெட்டிகள்) பல அப்படித்தான் பாடின. காற்றை உறிஞ்சி இயங்கும் பெட்டிக்கு அது எளிது. நம் ஆர்மோனியமோ காற்றைத் தள்ளுவது, எனவே உறிஞ்சலுக்குத் தனி அமைப்பு வேண்டும். ஆசைக்குச் செய்யலாம்.

எங்கள் தேர்வு கலவை: நீண்டு ஒலிக்கும் கீழ்ப்பகுதி 12 கட்டைக்குச் சர்வோ, மற்ற 30-க்கும் சொலினாய்டு. ஒரே நேரத்தில் 4 சுருளுக்கு மேல் இயங்காதபடி நிரலில் தடுத்தால் 12 வோல்ட் 5 ஆம்பியர் போதும். கீழ்ஸ்தாயி ரீட்கள் காற்று பட்டதும் பேசாது. ஒலியைப் பதிவுசெய்து, ஒவ்வொரு ரீட்டின் தாமதத்தையும் அலைவடிவில் அளந்து, அந்த அளவு முன்னதாகவே கட்டளை அனுப்புங்கள்.