பிசிஓடி பேக்கேஜ் ரத்தப் பரிசோதனை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்த ஊர் லேபில் விசாரித்தாலும் இப்போது 'பிசிஓடி பேக்கேஜ்', 'ஹார்மோன் புரொஃபைல்' என்று ஒரு தொகுப்பைச் சொல்வார்கள். பிசிஓடி, பிசிஓஎஸ் இரண்டும் சினைப்பை சார்ந்த ஒரே ஹார்மோன் கோளாறைத்தான் சொல்கின்றன. சினைப்பையை இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின், தைராய்டைப் பார்க்கும் டிஎஸ்எச், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், வெறும் வயிற்று இன்சுலின் ஆகியவை அதில் வழக்கமாக இருக்கும். விலை கூடிய தொகுப்பு என்றால், சினைப்பையின் சிறு பைகள் சுரக்கும் ஏஎம்எச்சும் சேரும். பீரியட்ஸ் தள்ளிப்போனதும் டாக்டரிடம் காட்டாமலே இதை எடுக்கிறவர்களுக்காகச் சொல்கிறோம்: இதில் பாதி அவசியம், மீதி பெரும்பாலோருக்கு வேண்டாதது. கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு சோதனையோ தொகுப்பில் பெரும்பாலும் இருப்பதில்லை.

டிஎஸ்எச்சுக்கும் புரோலாக்டினுக்கும் தாராளமாகக் காசு கொடுக்கலாம். தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறினாலும் பீரியட்ஸ் தாறுமாறாகும். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், இவற்றை விலக்காமல் பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக் கூடாது. 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்ற சோதனையும் அதே காரணத்துக்காகத்தான். அட்ரினல் சுரப்பியில் பிறவிக் குறை இருந்தாலும் முகத்தில் முடி, பரு, பீரியட்ஸ் தள்ளிப்போவது எல்லாம் அப்படியே வரும். கர்ப்பத்துக்கு வாய்ப்பு உள்ளவர்கள் இவை எல்லாவற்றுக்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

எஃப்எஸ்எச்சைப் போல எல்எச் இரண்டு மடங்கு இருந்தால் பிசிஓடி என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். பிசிஓஎஸ்ஸைக் கண்டறிய டாக்டர்கள் பின்பற்றும் 2003 ரோட்டர்டாம் வரையறையிலோ 2023 சர்வதேச வழிகாட்டியிலோ அந்த விகிதத்துக்கு இடமே இல்லை. முறையற்ற பீரியட்ஸ், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் என்ற மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் இரண்டும் தெளிவாக இருந்து மற்ற நோய்களையும் விலக்கிவிட்டால் ஸ்கேன்கூட வேண்டாம். வெறும் வயிற்று இன்சுலினும் அப்படித்தான். அந்த எண்ணை வைத்து யாருக்கும் சிகிச்சை மாறுவதில்லை. ஏஎம்எச் வயது வந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக உதவும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எடுக்கவே கூடாது. வயசுக்கு வந்து 8 ஆண்டு ஆகும்வரை சினைப்பையில் நிறைய சிறு பைகள் தெரிவதும் ஏஎம்எச் கூடுதலாக இருப்பதும் இயல்பு. பிளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு அந்த ரிப்போர்ட்டைக் காட்டி 'பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது' என்று பயமுறுத்துவது பெரிய அநியாயம்.

சரியான சோதனையே ஆனாலும் ரத்தம் எடுக்கும் நாளும் நேரமும் தவறினால் கொடுத்த காசு வீண். எஃப்எஸ்எச், எல்எச் எடுப்பதென்றால் பீரியட்ஸின் 2 முதல் 5ஆம் நாளுக்குள் எடுக்க வேண்டும். சொட்டுக்கறை தெரிந்த நாளை விட்டுவிட்டு, உதிரம் நன்றாகப் போகத் தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணுங்கள். முட்டை வெளியாகிறதா என்று அறிய எடுக்கும் புரோஜெஸ்டிரோனை எல்லோருக்கும் 21ஆம் நாளில் எடுப்பது தவறு. அடுத்த பீரியட்ஸுக்கு 7 நாள் முன்பு எடுக்க வேண்டும். 35 நாள் சுழற்சிக்காரருக்கு அது 28ஆம் நாள்.

புரோலாக்டினுக்கு, எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் போக வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கமிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்கள் லேபில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு கையை நீட்டுங்கள், பதற்றமும் அந்த எண்ணை ஏற்றும். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் மாத்திரையும் அதை நன்றாகவே உயர்த்தும். லேசாகக் கூடியிருந்தால் மூளை ஸ்கேனுக்கு ஓடாமல் ஒருமுறை திரும்ப எடுத்துப் பாருங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல கருவிகளில் அது டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டி, இல்லாத தைராய்டு மிகுதியை உண்டாக்கிவிடும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு, நிறுத்தி மூன்று மாதம் ஆகாமல் டெஸ்டோஸ்டிரோன் எண்ணை நம்ப முடியாது.

தொகுப்பில் காணாமல் போவது 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் சீக்கிரமே வரக்கூடும் என்பதால், ஒரே ஒரு சோதனைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நாங்கள் இதைத்தான் எடுக்கச் சொல்வோம். முந்தின மூன்று நாளும் சோறோ மரச்சீனியோ வழக்கம்போல் சாப்பிட வேண்டும், டயட் பிடிக்கக் கூடாது. இரவு குறைந்தது 8 மணி நேரம் பட்டினி. சீனி போடாத கட்டஞ்சாயாவும் ஆகாது. முதல் ரத்தம் எடுத்ததும் 75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கலந்து 5 நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் நடக்காமல் உட்கார வேண்டும். இரண்டாவது ரத்தத்தில் 140க்குக் கீழே இருந்தால் இயல்பு, 200 தொட்டால் சர்க்கரை நோய். அவசரத்துக்கு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி போதும் என்பார்கள். ஆனால் உதிரப்போக்கு அதிகமாகி இரும்புச்சத்து குறைந்த பெண்ணுக்கு அது கூடுதலாகக் காட்டும். அப்படிப்பட்டவர்கள் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கட்டும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஃபெரிட்டின் 15க்குக் கீழே என்றால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பது வசதிதான். ஆனால் சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். சாதாரணக் குழாயில் ரத்த அணுக்களைப் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். குலசேகரத்தில் எடுத்த ரத்தம் நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் உண்மையான எண் மறைந்துவிடும்.

90 நாளாக பீரியட்ஸ் வரவில்லை என்றாலோ, சில மாதங்களுக்குள் குரல் தடித்து முகத்தில் முடி வேகமாக வளர்ந்தாலோ பேக்கேஜ் எதுவும் வேண்டாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ முதலில் காட்டிவிட்டு, அவர்கள் எழுதித் தருவதை மட்டும் எடுங்கள். பிசிஓஎஸ் உறுதியான பிறகு எல்எச், எஃப்எஸ்எச்சைத் திரும்பத் திரும்ப எடுக்கத் தேவையில்லை. குளுக்கோஸ் பரிசோதனையை மட்டும், அவரவர் எடையையும் குடும்பத்தில் சர்க்கரை இருப்பதையும் பொறுத்து, ஓராண்டு முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.