வியட்நாம் மின்விசா: மலிவானது, விரைவானது, பிழை பொறுக்காதது

வியட்நாம் அரசின் மின்விசா சேவையை இதுவரை இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறேன். முதல்முறை பயண முகவர் ஒருவர் வழியாகவும், இரண்டாம்முறை வீட்டில் கணினி முன் அமர்ந்து நானாகவும் விண்ணப்பித்தேன். இந்தச் சேவைக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், விண்ணப்பத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் அதன் சுமை முழுவதும் விண்ணப்பித்தவர் தலையிலேயே விழுகிறது என்பதுதான்.

முதலில் கட்டணம். ஒருமுறை நுழைவதற்கான விசாவுக்கு 25 அமெரிக்க டாலர். பலமுறை சென்று திரும்புவதற்கு 50 டாலர். 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் இந்த வசதி திறந்துவிடப்பட்டு, முன்பு 30 நாளாக இருந்த காலவரம்பும் 90 நாளாக உயர்த்தப்பட்டது. தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை, நேர்காணல் இல்லை, கடவுச்சீட்டைக் கூரியரில் அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்வரை கவலையோடு காத்திருக்கவும் வேண்டியதில்லை. கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தையும், கண்ணாடி அணியாமல் வெள்ளைப் பின்னணியில் எடுத்த முகப்படத்தையும் பதிவேற்றி, பன்னாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி பெற்ற அட்டையால் பணம் செலுத்தினால் விண்ணப்பம் முடிந்தது. கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன் வங்கிச் செயலியில் அந்த அனுமதியைத் திறந்து வைக்க மறவாதீர்கள். நான் மறந்து, அரைமணி நேரத்தை வீணாக்கினேன்.

இணையத்தில் தேடும்போதே எச்சரிக்கை வேண்டும். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பல உள்ளன. அவை இதே விசாவைப் பெற்றுத் தருவதற்குப் பல மடங்கு பணம் கேட்கும். தள முகவரி ‘கவ் டாட் விஎன்’ (gov.vn) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே நுழைவது நல்லது.

இனி, தமிழர்களாகிய நம்மைத் தனியே படுத்தும் பெயர்ச் சிக்கலுக்கு வருகிறேன். நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. சிலருக்கு அப்பாவின் பெயர் அங்கே ஏறியிருக்கிறது. சிலருக்குத் தலைப்பெழுத்து விரிவாக்கப்பட்டுப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் பயணத்தின்போது முகவர் என் தாயாரின் பெயரைத் தம் வசதிப்படி இரண்டாகப் பிரித்து எழுதியதோடு, பிறந்த ஆண்டையும் ஓர் இலக்கம் மாற்றிவிட்டார். விசாவும் அதே பிழையோடு வந்து சேர்ந்தது. கட்டணம் திரும்பி வராது என்பதால் புதிதாக விண்ணப்பித்து, மறுபடியும் பணம் கட்டினோம். முகவர் தம் சேவைக் கட்டணத்தில் ஒரு ரூபாயும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாம்முறை நானே நிரப்பியபோது, கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு வரிகளை அருகில் வைத்துக்கொண்டு, பெயர், எண், பிறந்த நாள் ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். மூன்று பேருக்குச் சேர்த்து ஒரு மணி நேரம் ஆயிற்று. முகவருக்குக் கொடுத்த பணத்தில் அவர் செய்யாமல் விட்ட வேலை அது ஒன்றுதான்.

தேதியிலும் இதே கவனம் தேவை. விசாவில் குறித்துள்ள தொடக்க நாளுக்கு ஒரு நாள் முன்பு போய் இறங்கினாலும் உள்ளே விடமாட்டார்கள். வியட்நாம் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தியது. நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானங்களில் எந்தத் தேதியில் இறங்குகிறோம் என்பது குழம்பிவிடும். ஆகவே போய் இறங்கும் நாளுக்கு ஓரிரு நாள் முந்தைய தேதியைத் தொடக்க நாளாக எழுதுவதே பாதுகாப்பு. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் நிலையில் இருக்கட்டும்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மூன்று வேலை நாட்கள் என்கிறார்கள். இங்கே ‘வேலை’ என்ற சொல்லைச் சற்று அழுத்திப் படிக்க வேண்டும். சனி, ஞாயிறு கணக்கில் வராது. ஜனவரி, பிப்ரவரியில் வரும் ‘தெத்’ என்னும் சந்திரப் புத்தாண்டின்போது நாடே ஒரு வாரத்துக்கு மேல் விடுமுறையில் இருக்கும். ஏப்ரல் 30, மே 1, செப்டம்பர் 2 ஆகியவையும் அரசு விடுமுறைகள். இரண்டு வாரம் முன்னதாக விண்ணப்பித்துவிட்டால் இந்தக் கவலையே எழாது. பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, மின்னஞ்சல் வரட்டும் என்று காத்திராமல், தளத்திலேயே நிலையைப் பார்த்துவர வேண்டும். விசா கிடைத்ததும் தாளில் இரண்டு படி அச்செடுத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனத்தார் நம் ஊர் விமான நிலையத்திலேயே அதைக் கேட்பார்கள். கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்துபோகும் நேரம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

போய்ச் சேர்ந்த பிறகு நமக்குத் தடுமாற்றம் தருவது பணம். இருபதாயிரம் டாங் தாளும் ஐந்து இலட்சம் டாங் தாளும் நீல நிறத்தில் இருப்பதால், இரவு விளக்கொளியில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிடுவது மிக எளிது. பெரிய தாள்களைப் பணப்பையின் வேறொரு மடிப்பில் வைத்துக்கொண்டோம். 5,000 டாலருக்கு மேல் கையில் கொண்டு செல்பவர்கள் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். டாக்சிக்குக் கிராப் செயலியே போதும். ஏறுவதற்கு முன்பே கட்டணம் தெரிந்துவிடுவதால் பேரம் பேச வேண்டியதில்லை.

பருவநிலையை நாட்டுக்கு ஒன்றாக நினைத்துத் திட்டமிடுவது பெரிய தவறு. டிசம்பரில் ஹோ சி மின் நகரில் வெயில் அடிக்கும்போது ஹனோயில் கம்பளிச் சட்டை தேவைப்படும். அக்டோபர், நவம்பரில் ஹுவே, ஹோய் ஆன் பகுதிகளில் மழையும் வெள்ளமும் வழக்கம். ஹோய் ஆனிலிருந்து சென்று வரக்கூடிய தொலைவில் உள்ள மீ சன்னில் பழைய சம்பா நாட்டின் சாம் இன மன்னர்கள் எழுப்பிய செங்கல் சிவாலயங்களைக் காண விரும்புவோர், மழை ஓய்ந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஹோ சி மின் நகரில் பென் தான் சந்தைக்கு அருகில் மாரியம்மன் கோயிலும் உண்டு. உள்ளூர் வியட்நாமியப் பெண்கள் ஊதுவத்தி ஏற்றி, கல்சுவரில் நெற்றி பதித்து வேண்டிக்கொண்டிருந்ததை என் தாயார் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவருக்கு மீனும் இறைச்சியும் ஆகாது என்பதால், உணவுதான் எங்கள் மூவரின் பெருங்கவலையாக இருந்தது. வெறும் கீரைப் பொரியல் என்று தரும் உணவிலும் மீன் சாறு கலந்திருக்கும். ‘சாய்’ என்று பலகை தொங்கும் கடைகளைத் தேடுவதே வழி. பௌத்த மரபில் வந்த சைவ உணவுக்கு அங்கே அதுதான் பெயர். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் பலர் புலால் உண்பதில்லை. ஹோய் ஆனில் நாங்கள் தங்கிய தெருவில் அன்றாடம் பன்றி இறைச்சி நூடுல்ஸ் விற்ற ஓர் அம்மாள், பௌர்ணமியன்று காலையில் அந்தப் பலகையை எடுத்து மாட்டினார். என் தாயார் அந்தப் பயணத்தில் முதல்முறையாக இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.