மாவா, தையலா, முந்திரியா? கடலூரில் வீட்டிலிருந்தே தொழில்

வீட்டிலிருந்தபடியே ஏதாவது செய்யலாம் என்று யோசிக்கிற கடலூர்ப் பெண்களிடம் பேசினால் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் வரும். இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போடுவது, ப்ளவுஸ் தைப்பது, பண்ருட்டியில் முந்திரி வாங்கி எடை போட்டு விற்பது. மூன்றிலும் நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் இதே ஊரில் இருக்கிறார்கள். மூன்றிலும் ஆறு மாதத்தில் கையை விட்டவர்களும் இருக்கிறார்கள். எதில் லாபம் அதிகம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதை அப்புறம் கேட்கலாம். போட்ட பணம் எத்தனை நாளில் கைக்குத் திரும்பும், நமக்கு ஒரு நாள் உடம்புக்கு முடியாமல் போனால் வேலை காத்திருக்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வீட்டுத் தொழில் படுத்துப்போவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

மாவில் பணம் சீக்கிரம் திரும்பும். இன்று ஊறப் போட்ட அரிசி நாளை மாலைக்குள் காசாகிவிடும். கணக்குப் போடும் முறைக்காக ஒரு விலையை வைத்துக்கொள்வோம்: இட்லி அரிசி கிலோ 45 ரூபாய், உளுந்து 130 ரூபாய். நாலுக்கு ஒன்று என்று போட்டால் ஐந்து கிலோவுக்கு 310 ரூபாய், உப்பும் வெந்தயமும் சேர்த்து 320. அரைத்தால் சுமார் 11 கிலோ மாவு வரும். அதாவது கிலோவுக்கு 29 ரூபாய். கவர், கரண்ட், கேன் தண்ணீர் எல்லாம் சேர்த்து 34 என்று வையுங்கள். கடைக்காரர் நம்மிடம் 40க்கு எடுத்து 50க்கு விற்பார். நமக்கு நிற்பது 6 ரூபாய். அதே மாவைத் தெருக்காரர்கள் பாத்திரம் கொண்டுவந்து வாசலில் 45க்கு வாங்கினால், கவர் செலவும் மிச்சம், 13 ரூபாய் வரை நிற்கும். கடைகளுக்குப் போட்டால்தான் தொழில் பெரிதாகும் என்று நினைத்து வாசல் விற்பனையை அலட்சியம் செய்யாதீர்கள். மாவில் உண்மையான காசு வாசலில்தான் இருக்கிறது.

கடையில் இன்னொரு சிக்கல், திரும்பி வரும் பாக்கெட். 34 ரூபாய் அடக்கத்தில் ஒன்று திரும்பி வந்தால், கிட்டத்தட்ட ஆறு பாக்கெட் விற்ற லாபம் அதோடு போய்விடும். சித்திரை, வைகாசியில் கடலூர் வெயில் தெரியும் அல்லவா, காற்றில் கடல் ஈரம் வேறு. கடைக்காரர் ஃப்ரிட்ஜை அடிக்கடி திறந்து மூடினாலே போதும், காலையில் கொடுத்த பாக்கெட் மதியத்துக்குள் தலையணை போல உப்பிவிடும். அப்புறம் சீல் போட்ட ஓரத்தில் மெல்லக் கசியும். ஃப்ரிட்ஜ் தட்டு முழுக்க வெள்ளையாக வழிந்து, பக்கத்தில் இருக்கிற பால் பாக்கெட்டெல்லாம் பிசுபிசுத்துப் போகும். அடுத்த நாள் அந்தக் கடையில் நம் மாவை எடுக்க யோசிப்பார்கள். அனுபவப்பட்டவர்கள் வெயில் காலத்தில் உளுந்தை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஊற வைக்கிறார்கள், அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் தெளிக்கிறார்கள், அரைத்ததும் பொங்க விடாமல் நேராகக் குளிரில் வைக்கிறார்கள், கவரை முக்கால் அளவுக்கு மேல் நிரப்புவதில்லை. இதெல்லாம் கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் மாவுத் தொழிலில் திறமை என்பதே இதுதான்.

கடலை ஒட்டிய தெருக்களில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் அரைக்கவே கூடாது. ஒரு தடவை ருசி மாறினால் வாடிக்கை போய்விடும். வீட்டு மின் இணைப்பிலேயே பெரிய கிரைண்டரை ஓட்டி வெளியே விற்பதும் சரியல்ல. கண்டுபிடித்தால் அபராதத்தோடு கட்டச் சொல்வார்கள். குறுந்தொழிலுக்கென்று தனிக் கட்டணப் பிரிவே இருக்கிறது, மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். சிறு தொழிலுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கவரில் அச்சிட வேண்டும்.

மாவின் பெரிய குறை, அது ஒரு நாளும் காத்திருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஊறின அரிசியை அரைத்தே ஆக வேண்டும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரை புரண்டு வந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் மாவுக்காரருக்கு வருமானமும் இல்லை, ஃப்ரிட்ஜில் இருந்ததும் வீண். மழைக்காலத்துக்கென்று ஒரு மாத அரிசிப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்காமல் இதில் இறங்க வேண்டாம்.

தையல் இதற்கு நேர் எதிர். துணி வாடிக்கையாளருடையது, நம் பணம் சரக்கில் முடங்காது. மெஷின், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின், நூல், லைனிங் துணி, இவ்வளவுதான் முதல். இரண்டு நாள் படுத்துவிட்டாலும் துணி கெட்டுப்போகாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் தைத்துக்கொள்ளலாம். ஒரே ஆளாக வீட்டையும் பார்த்துக்கொண்டு சம்பாதிக்க வேண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

ஆனால் வருமானத்துக்கு ஒரு கூரை உண்டு. லைனிங் வைத்த ப்ளவுஸ் ஒன்றை வெட்டி, தைத்து, எம்மிங் செய்து (ஓரத்தை மடித்துக் கையால் தைத்து), ஹூக் வைத்து முடிக்க இரண்டரை மணி நேரமாவது ஆகும். வீட்டு வேலையோடு ஒரு நாளில் மூன்றுக்கு மேல் முடியாது. அந்தக் கூரையை உயர்த்த இரண்டு வழி பார்த்திருக்கிறேன். ஒன்று, எம்மிங்கையும் ஹூக்கையும் அக்கம்பக்கத்தில் ஒருவருக்குக் கூலிக்குக் கொடுத்துவிட்டு, நாம் வெட்டுவதும் தைப்பதும் மட்டும் வைத்துக்கொள்வது. இது உடனே பலன் தரும். இன்னொன்று ஆரி வேலை, அதாவது துணியைக் கட்டையில் இழுத்துக் கட்டி கொக்கி ஊசியால் போடும் எம்ப்ராய்டரி. கல்யாண ப்ளவுஸ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கலாம், ஆனால் கண்ணும் முதுகும் தாங்க வேண்டும், முன்பணம் வாங்காமல் கட்டையில் துணியைக் கட்டவே கூடாது.

தையலைக் கெடுப்பது தேதி. "நாளைக்கு வாங்கக்கா" என்று மூன்று தடவை சொன்னால், நாலாவது தடவை அந்த அக்கா வேறு டெய்லரிடம் போயிருப்பார். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கும் தீபாவளிக்கும் முன்னால் எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து குவிப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் மெஷின் சும்மா நிற்கும். துணியை வாங்கும்போதே நோட்டில் தேதி எழுதி, ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று நிறுத்திக்கொள்கிறவர்தான் நிலைக்கிறார். அளவு ப்ளவுஸை மட்டும் நம்பி வெட்டுவதும் ஆபத்து. போன வருஷம் போட்டது இந்த வருஷம் இறுக்கமாக இருக்கும் என்பதை அவரே மறந்திருப்பார். பட்டுப் புடவையில் வந்த ப்ளவுஸ் துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் மாற்றுத் துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. உடம்பில் ஒரு தடவை அளவெடுத்து நோட்டில் எழுதிவிடுங்கள்.

உதவி என்று பார்த்தால், 35 வயது நிரம்பிய கைவினைஞர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தனியார் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன, ஏமாற வேண்டாம்.

முந்திரி பார்க்க அழகான தொழில். பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது, வெளியூர் உறவினர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கொட்டை உடைக்கும் வேலையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது கூடவே கூடாது. உடைத்துத் தோல் நீக்கிய பருப்பை வாங்கிப் பாக்கெட் போடுவதுதான் வீட்டுக்கு ஏற்றது. 240, 320 என்று சொல்வது ஒரு பவுண்டு எடையில் நிற்கும் பருப்பின் எண்ணிக்கை. எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். வாங்கும்போது ஒரு பிடி அள்ளி உடைசல் எவ்வளவு என்று பாருங்கள். முழுப்பருப்பு விலையில் பாதிப்பருப்பு கலந்து வந்தால் லாபம் அங்கேயே முடிந்துவிடும்.

இதில் சிக்கல் பணம் முடங்குவது. கிலோ 850 என்று வைத்தாலும் பத்து கிலோ டின் ஒன்றுக்கு 8,500 ரூபாய். அது விற்று முடிய மூன்று வாரம் ஆகலாம். கடலோர ஈரக்காற்றில் திறந்த டின் சீக்கிரம் நமுத்துப்போகும். எடை, விலை, பாக்கெட் போட்ட தேதி, முகவரி எல்லாம் அச்சிட வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு இதற்கும் உண்டு. போட்டியும் கடுமை, பண்ருட்டி சாலையோரக் கடைகளிலேயே யாரும் வாங்கிக்கொள்ளலாம். மூன்றில் இதை முழுநேரத் தொழிலாக எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

வரி விஷயத்தில் கடலூருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் முள்ளோடை எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி. மாவோ முந்திரியோ அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் அது வெளிமாநில விற்பனை, பத்தாயிரம் ரூபாய்க்கு விற்றாலும் பதிவு கட்டாயம். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கன்னியக்கோயில்காரர் நம் வாசலுக்கு வந்து வாங்கிப்போனால் பிரச்சினை இல்லை. தையல் கூலி சேவை என்பதால், 20 லட்சம் வரை எல்லையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரே தூரம், ஒரே பஸ், ஆனால் தையலுக்கு மட்டும் புதுச்சேரியும் நம் ஊர்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் புதுச்சேரிக் கடைகளுக்கு மாவு போடத் திட்டமிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, வீட்டில் உழைக்க இரண்டு பேர் இருந்து, தினமும் காசு புழங்க வேண்டும் என்றால் மாவு. வாசல் விற்பனையில் தொடங்குங்கள், கடைகளை மெல்லச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள், கையில் முதல் குறைவு என்றால் யோசிக்காமல் தையல். முந்திரியைத் தையல்காரர்கள் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் ப்ளவுஸ் வாங்க வருகிறவர்களிடமே முன்கூட்டி ஆர்டர் எடுத்து, பணத்தையும் வாங்கிக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் பண்ருட்டியில் வாங்கி வந்தால் ஒரு ரூபாயும் முடங்காது.