குதிரை மசால் கட்டுகளை எங்கே அடுக்குவது: சேலத்திலா, ஏற்காட்டிலா?

ஏற்காட்டில் குதிரை வளர்ப்பவர் காய்ந்த குதிரை மசாலை (லூசர்ன் என்னும் தீவனப்பயிர்) மொத்தமாக வாங்கினால், அதை மலை மேலேயே அடுக்கலாம்; சேலத்தில் ஒரு கொட்டகையில் வைத்து அவ்வப்போது ஏற்றவும் செய்யலாம். வயலோரம் தார்ப்பாய் போட்டுப் போர் வைப்பது மூன்றாவது வழி. வைக்கோலுக்கு அது போதும், மசாலுக்கு ஆகாது. அடிக்கட்டு மண் ஈரத்தை உறிஞ்சும், பாய்க்கு அடியில் வியர்க்கும். அதை விட்டுவிடுவோம்.

மலைக்கு ஒரு சாதகம் உண்டு. வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டின் வெயிலிலும் சூட்டிலும் வேகமாக அழியும். 1,500 மீட்டர் உயரக் குளிரில், இருட்டான அறையில், பச்சை நிறம் கூடுதல் நாள் நிற்கும். சேலத்துத் தகரக் கொட்டகையில் சித்திரையில் வைத்த கட்டு ஐப்பசிக்குள் கரோட்டினில் பெரும்பகுதியை இழந்துவிடும். ஆனால் நனையாமல் இருந்தால் புரதம், நார்ச்சத்து, சுண்ணாம்புச் சத்து மூன்றும் பெரிதாகக் குறையாது. போன வைட்டமினையும் தினம் கொஞ்சம் பச்சைப்புல் கொடுத்து ஈடுகட்டிவிடலாம்.

மேலே நடப்பதை அப்படி ஈடுகட்ட முடியாது. 15 சதவீதத்துக்குள் ஈரம் இருந்த கட்டுகூட மாதக்கணக்கில் பனிமூட்டக் காற்றில் கிடந்தால் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். மாடு ஓரளவு சமாளிக்கும். குதிரைக்கு அந்தத் தூசியே இருமலும் இளைப்பும் கொண்டுவரும். கெட்டதைத் தின்றால் வாந்தி எடுக்கவும் அதற்கு வழியில்லை. அதனால் என் ஓட்டு சேலத்துக்கு.

ஒரு நிபந்தனை: சரியாகக் காயாத கட்டு எங்கே வைத்தாலும் உள்ளுக்குள் வேகும். கையை நடுவில் விட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் பிரித்து உலர்த்த வேண்டும். பழுப்பேறி வெல்லப்பாகு வாசம் அடித்தால் புரதத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்குப் போய்விட்டது. குதிரை என்னவோ ஆசையாகத்தான் தின்னும்! வெளிப்புறம் வெளுத்திருப்பது அவ்வளவு பெரிய குறையில்லை, உள்ளே பச்சை இருந்தால் சரி.

சேலத்தில் வைப்பதில் இன்னொரு செலவும் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் இலை உதிரும். மசாலின் புரதத்தில் பெரும்பங்கு இலையில்தான். காலை ஈரப்பதம் இருக்கும்போதே ஏற்றுங்கள், வண்டியில் கீழே பாய் விரியுங்கள், உதிர்ந்ததைக் கூட்டித் தீனியில் கலந்துவிடலாம். மேலே இரண்டு மூன்று வாரத் தீனி போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதிலும் பாதி. பலகை மேல், சுவரை ஒட்டாமல்.