பாயை விரிக்கும் முன் பிபி பார்க்கிறார்களா?

விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் பார்த்த கர்ப்பகால யோகா வகுப்புகளில், நல்லதைக் காட்டிக்கொடுத்தது ஆசனப் பட்டியல் அல்ல, மேசைமேல் இருந்த பிபி மிஷின்தான். ரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணி முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

பார்ப்பதற்கும் முறை உண்டு. ஓரிடத்தில் மாடி ஏறி வந்த கையோடு, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். அந்த எண்ணை நம்ப முடியாது. முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, பேசாமல் 5 நிமிடம் உட்கார வேண்டும். பட்டை வெறும் கையில், நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் கூடுதலாகக் காட்டும்.

140/90-ஐத் தொட்டால் 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குறையவில்லையா, வகுப்பை விட்டுவிட்டு அன்றே டாக்டரிடம் பேசுங்கள். 160/110 என்றால் நேரே மருத்துவமனை. விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, வலது விலாவின் கீழ் வலி, திடீரென முகம் வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும், எண் சரியாக இருந்தாலும், மருத்துவமனைதான். ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் அழுத்தம் ஏறி உறுப்புகளையும் பாதிக்கும் நோய்) என்று டாக்டர் சொல்லியிருந்தால் வகுப்பே வேண்டாம்.

டாக்டர் சம்மதித்து, அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால், மூச்சுப் பயிற்சி நல்ல துணை. 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். 10 நிமிடம் போதும். கும்பகம் (மூச்சை அடக்கிப் பிடிப்பது), கபாலபாதி, பஸ்திரிகா (வேகவேகமாக மூச்சு விடும் பயிற்சிகள்), தலைகீழ் நிலைகள் கூடாது. மூச்சை அடக்கி முக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும்.

கடைசியில் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தில்தான் பல இடங்களில் தவறு. 20 வாரம் தாண்டியவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து தாய்க்குத் தலைசுற்றும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். ஒரு வகுப்பில் மட்டும் இடப்பக்கம் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த துணி என்று அழகாக அணைகொடுத்தார்கள். எழும்போதும் கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்தே நிற்க விட்டார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் லாபெட்டலால், நிஃபெடிபின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் ரொம்ப முக்கியம்.

"பிராணாயாமம் செய்தால் மாத்திரை வேண்டாம்" என்று சொல்லும் இடத்தில் நிற்கவே நிற்காதீர்கள். மாத்திரையைக் கூட்டுவதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை. விடுமுறைக்கு வேறு நாட்டிலிருந்து ஊருக்குப் போனால், கடிகார நேரம் மாறி மாத்திரை நேரம் குழம்பும். எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். பரிசோதனைக் குறிப்புகளும் உங்கள் பிபி மிஷினும் கைப்பையில் இருக்கட்டும்.