வெள்ளவத்தை பிளட்ஸ் லிப்டுக்கு கார்ட் ரீடர் பூட்டினது: ரெண்டு கொம்பனியிட்டயும் செய்விச்ச அனுபவம்

காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கையில எங்கட பிளட்ஸ், ஒன்பது மாடி, ஒரே ஒரு லிப்ட். கொமிட்டியில நானும் இருக்கிறபடியா கார்ட் வச்சாத்தான் மாடிப் பட்டன் வேலை செய்யிற மாதிரி கார்ட் ரீடர் பூட்டேக்க ரெண்டு தரமும் பக்கத்தில நிண்டு பாத்தனான். ரெண்டு தரம் ஏனெண்டா முதல் வந்தவை சரியாச் செய்யேல்ல. பேர் ஒண்டும் இங்க போடேல்ல, ரெண்டாவதா வந்தவையின்ர நம்பர் வேணுமெண்டா கேளுங்கோ, தனியா அனுப்பிறன்.

முதல் கொம்பனியின்ர கொட்டேஷன் குறைவு, மூண்டு நாளில முடிச்சும் தந்திட்டினம். நாலு மாசம் நல்லா ஓடிச்சு. பேந்து கீழ நிக்கேக்க கார்டை வச்சா எடுக்காது, அதே கார்டை நாலாம் மாடியில வச்சா உடன எடுக்கும், ஆக்கள் கார்டைத்தான் பழுதெண்டு நினைச்சு மாத்தித் தாங்கோ எண்டு என்ர வீட்டு வாசலில வந்து நிக்கினம். ரீடரை ரெண்டு தரம் மாத்தியும் அதே கதை.

ரெண்டாவது கொம்பனிப் பொடியன் வந்து ரீடரைத் தொடவே இல்ல, நேர லிப்ட் பெட்டிக்கு மேல ஏறி டோர்ச் அடிச்சுப் பாத்தார். லிப்ட்டோட சேர்ந்து மேலயும் கீழயும் வளைஞ்சு போற தட்டை வயர் ஒண்டு இருக்கெல்லோ, அதில கொம்பியூட்டருக்கு இழுக்கிற சாதாரண லேன் வயரை கேபிள் டை போட்டுக் கட்டி விட்டிருக்கினம்! அந்த லேன் வயருக்குள்ள இருக்கிற ஒவ்வொரு கம்பியும் ஒற்றைச் செப்புக் கம்பி, சுவருக்குள்ள அசையாமக் கிடக்கத்தான் சரி, ஒரு நாளைக்கு எத்தினையோ தரம் வளைஞ்சா உள்ளுக்க முறியும், வெளித்தோல் அப்பிடியே இருக்கும். வெட்டிக் காட்டினவர், நீலக் கம்பி ரெண்டாப் போய்க் கிடந்தது. லிப்ட் நிக்கிற இடத்தைப் பொறுத்து முறிஞ்ச முனை முட்டும் விலகும், அதுதான் நாலாம் மாடியில மட்டும் வேலை செய்திருக்கு. லிப்ட்டின்ர தட்டை வயருக்குள்ளயே பாவிக்காத கம்பிகள் மிச்சம் கிடந்தது, அதில முறுக்கின சோடி ஒண்டை எடுத்து ஆர்எஸ் 485 எண்ட, நீள வயரிலயும் தகவலைச் சரியா அனுப்பிற வகை ரீடர் பூட்டித் தந்தினம்.

ஆனா என்னை உண்மையாக் கோபப்படுத்தினது வேற விஷயம். கரண்ட் போனா எங்கட லிப்ட் ஜெனரேட்டரில ஓடும், முதல் கொம்பனி பூட்டின கார்ட் பெட்டியோ மெஷின் ரூம் சாதாரண பிளக்கில. அதோட கார்ட் பெட்டி செத்தா மாடிப் பட்டன் எல்லாம் சேர்ந்து சாகிற மாதிரி ரிலேயை, அதாவது கரண்டால இயங்கிற சுவிட்சை, இணைச்சிருக்கினம். லிப்ட் லைட் எரியுது, கதவு திறக்குது, ஒரு பட்டனும் வேலை செய்யாது. முழங்கால் ஒப்பரேஷன் செய்த ஏழாம் மாடி அம்மம்மா கீழ செக்கியூரிட்டியின்ர கதிரையில ஒண்டரை மணித்தியாலம் இருந்தவா. 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளுகளைக் கண்ட ஊரில இதை யோசிக்காமல் எப்பிடி வேலை செய்யிறது? இப்ப ரிலே மற்றப் பக்கமா இணைச்சிருக்கு, பெட்டி செத்தா பட்டன் எல்லாம் கார்ட் இல்லாமலே வேலை செய்யும். சின்ன யூபிஎஸ்ஸும் இருக்கு.

லிப்ட் சேர்விஸ் செய்யிறவை, வேற ஆக்கள் பனலைத் தொட்டா அக்ரிமென்ட் செல்லாது எண்டு முந்தியே சொன்னவை. முதல் கொம்பனி அதைக் கணக்கெடுக்கேல்ல. ரெண்டாவது கொம்பனி லிப்ட் சேர்விஸ்காரரின்ர மெக்கானிக்கையும் அதே நாளுக்கு வரச் சொல்லி, பட்டன் வயரை அவரின்ர கையாலதான் இணைப்பிச்சவை. அவருக்குத் தனிக் காசு குடுத்தம், அது நல்ல செலவு. பயர் அலாரம் அடிச்சா லிப்ட் கார்டைப் பாக்காமல் நேர கீழ வந்து கதவைத் திறந்து நிக்கோணும், ஒரு ஞாயிறு காலமை அலாரத்தை அடிக்க வச்சுப் பாத்தம், வந்து நிண்டுது. தரைமாடிப் பட்டனுக்கு எப்பவும் கார்ட் தேவையில்ல. படிக்கட்டுக் கதவும் உள்ளுக்க இருந்து கார்ட் இல்லாமல் திறக்கோணும் எண்டு எழுதியே வாங்கினனாங்கள்.

கார்டும் மாத்தினம். பழசு 125 கிலோஹேர்ட்ஸில வேலை செய்யிற, லேசாக் கொப்பி எடுக்கக்கூடிய வகை, அந்தப் பொடியன் கைக்குள்ள அடங்கிற சாமானால என்ர கார்டை எனக்கு முன்னாலயே கொப்பி எடுத்து லிப்ட்டையும் ஏழாம் மாடிக்கு விட்டுக் காட்டினார். மைஃபேர் கிளாசிக் எண்ட கார்ட் வகையும் வேண்டாம், அதின்ர பூட்டை 2008லயே உடைச்சிட்டினம், அதை விடப் பாதுகாப்பான டெஸ்ஃபயர் வகை எடுங்கோ எண்டவர். விலை கூடத்தான், கொமிட்டியில ரெண்டு கூட்டம் கதைச்சுத்தான் ஒத்துக்கொண்டினம்.

ஒரு குறை இருக்கு, அது எந்தக் கொம்பனி பூட்டினாலும் இருக்கும். கார்ட் கேக்கிறது லிப்ட்டுக்கு உள்ள இருக்கிற பட்டனுக்குத்தான். அஞ்சாம் மாடியில ஆராவது வெளிய இருந்து லிப்ட்டைக் கூப்பிட்டா உள்ளுக்க நிக்கிற பிறத்தி ஆளும் அங்க போய் இறங்கலாம். இதை பூட்ட முதலே எங்களுக்குச் சொன்னது இவை மட்டும்தான், அதாலதான் ஒவ்வொரு மாடியிலயும் லிப்ட் வாசலுக்கு நேர கமரா போட்டம்.

அந்த அம்மம்மாவுக்கு முதல்ல பட்டன் அமத்த நேரம் போதேல்ல, கார்ட் வச்சு அஞ்சு செக்கன்தான். போன் பண்ணினன், அடுத்த நாளே வந்து பன்னிரண்டு செக்கன் ஆக்கி விட்டினம், காசு கேக்கேல்ல. அவா கார்டை சேலைத் தலைப்பில முடிஞ்சு வச்சிருக்கிறா, முடிச்சோட ரீடரில பிடிச்சாலும் எடுக்குது. அடுத்த மாசம் கார் பார்க் கேற்றையும் இவையிட்டத்தான் குடுக்கிறம்.