அப்பிள் தோட்டமா, அல்கோன்குவினா, ஆற்று மீனா?

செப்ரெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியதும் எங்கள் வீட்டில் வார இறுதிகள் சுருங்கிவிடும். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. புரட்டாதிச் சனி என்றால் அம்மா கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரிக்க வேண்டும். மிஞ்சுவது சனி பின்னேரமும் ஞாயிறும்தான். ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் குளிர் இறங்கிவிடுவதால், நிம்மதியாக வெளியே போக நான்கு ஐந்து நாள் கிடைத்தாலே பெரிது. கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் அந்த நாட்களுக்குப் போட்டி போடுபவை மூன்று: அப்பிள் பிடுங்குவது, அல்கோன்குவின் பூங்காவுக்கு நிறம் மாறும் இலை பார்க்கப் போவது, ஆற்றில் சால்மன் மீன் பார்ப்பது. மூன்றுக்கும் பல வருடங்களாகப் போய் வருகிறோம்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அப்பிள் தோட்டம்தான். மரங்கள் குட்டை, சின்னக் கைக்கும் எட்டும். செப்ரெம்பர் நடுவில் மக்கின்ரோஷ் பழுக்கும். 1811 வாக்கில் ஜோன் மக்கின்ரோஷ் என்ற விவசாயி ஒன்ராறியோவில் தன் காணியில் கண்ட கன்றுகளிலிருந்து வந்த இனம் அது. பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: பழத்தை இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கித் திருகினால் காம்போடு வந்துவிடும். இழுத்தால் அடுத்த வருடம் பூக்க வேண்டிய மொட்டும் சேர்ந்து முறியும். காசுக் கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவது மலிவு. ஆனால் புளிப்பு அப்பிளில் அம்மா மாங்காய்க்குப் பதிலாக வைக்கும் கறிக்காகவே நான் ஒரு பை கூடுதலாகப் பிடுங்குவேன்.

அல்கோன்குவினின் அழகுக்குக் கிட்ட எதுவும் நிற்க முடியாது. 1893இல் உருவான பூங்கா. 60ஆம் நெடுஞ்சாலை அதற்குள் மட்டும் 56 கிலோமீற்றர் ஓடுகிறது. செப்ரெம்பர் கடைசி வாரத்தில் சீனி மேப்பிள் மரங்கள் உச்சத்துக்கு வரும். மேப்பிளைத் தவறவிட்டவர்களுக்கு ஒக்டோபர் நடுவில் அஸ்பென் மரங்களின் மஞ்சள் இருக்கிறது. மஞ்சள் நிறம் இலைக்குள் முதலிலேயே இருப்பது, பச்சையம் வடிந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. வெயில் பகலும் குளிர் இரவும் மாறி மாறி வரும்போது மரம் அதைப் புதிதாக உண்டாக்குகிறது. ஆனால் போக மட்டும் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். அனுமதிச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுக்காமல் புறப்படவே வேண்டாம். ஒருமுறை ஞாயிறு பின்னேரம் திரும்பி வர ஐந்து மணித்தியாலம் எடுத்தது, அம்மாவின் கால் வீங்கிவிட்டது. வயதானவர்களோடு போவதென்றால் பூங்காவுக்குப் பக்கத்து ஊரான ஹன்ட்ஸ்வில்லில் ஓர் இரவு தங்கிப் போங்கள், அதுவும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும்.

என் மனம் நிற்பது மூன்றாவதில்தான். மோர்னிங்சைட் பூங்காவுக்குள் ஓடும் ஹைலண்ட் கிறீக் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, கோயில் முடிந்து வரும் வழியிலேயே போகலாம். செப்ரெம்பரில் நல்ல மழை பெய்து ஆறு ஏறினால், ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன்கள் மேலே வரத் தொடங்கும். சில பத்துக் கிலோவும் இருக்கும். ஏரியில் மூன்று நான்கு வருடம் வளர்ந்தவை, பிறந்த ஆற்றின் மணத்தைப் பிடித்துத் திரும்புகின்றன. பெண் மீன் வாலால் பருக்கைக் கற்களை அடித்துப் பள்ளம் தோண்டி முட்டையிடும். ஆற்றுக்குள் வந்த பிறகு அவை இரை தேடுவதில்லை. முட்டையிட்டதும் இறந்துவிடும். கரையில் கிடக்கும் செத்த மீனைப் பார்த்து என் சின்ன மகள் முதல் வருடம் அழுதாள். அடுத்த வருடம் அவளே மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னாள்.

இந்த மீன் இங்கே பிறந்த இனமும் அல்ல. ஏரிக்குச் சொந்தமான அத்திலாந்திக் சால்மன், ஆலைகளுக்குக் கட்டிய அணைகளாலும் அளவுக்கு மீறிய மீன்பிடியாலும் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அற்றுப்போனது. பசிபிக் பக்கத்துச் சினூக்கை 1960களின் இறுதியில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அது இந்த ஆற்றை வீடாக நினைத்து ஏறுகிறது.

போகும்போது தண்ணீரின் மினுக்கத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி கொண்டு போங்கள், மீன் தெளிவாகத் தெரியும். பிள்ளைகளையும் நாயையும் ஆற்றுக்குள் இறங்க விடாதீர்கள், கற்களுக்கடியில் முட்டை இருக்கும். மழை இல்லாத வாரத்தில் போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். அப்படி ஏமாந்தால் கிழக்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றரில் போர்ட் ஹோப் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கனரஸ்கா ஆற்று அணையில், மீன்கள் அணையைத் தாண்டி ஏறுவதற்கு மீன் ஏணி கட்டியிருக்கிறார்கள்.

அம்மா பருத்தித்துறைக்காரி. மீனை வலையிலும் சந்தையிலும் கண்டவர். ஓட்டத்துக்கு எதிராக ஏறும் மீனை அவர் முதலில் கண்டது இங்கேதான். இப்போதெல்லாம் செப்ரெம்பரில் இரவு மழை கொட்டினால் அறைக்குள் இருந்து குரல் வரும்: "பிள்ளை, நாளைக்கு மீன் ஏறும் போல, ஒருக்கா போய்ப் பாப்பமே?"